துடைப்பதும் தேய்ப்பதும்

கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் மேஸ்திரி, எங்கள் எஞ்சின் கூட்டின் ஒரு பாதியை இரு கைகளிலும் ஏந்தி, உடனே கீழே வைக்காமல், சந்தையில் பூசணிக்காயைத் தூக்கிப் பார்ப்பவரைப்போல மேலும் கீழும் மெல்ல அசைத்தார். பிறகு கூட்டின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு ஓரத்தைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, கத்தி முனையால் கடுகளவு கீறி, மதியம் குடித்த சர்பத்துக்குப் பிழிந்து மிச்சமிருந்த எலுமிச்சை மூடியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். விழுந்த இடத்தில் பொடிக் குமிழிகள் பொங்கின. "அலுமினியமில்லீங்க தம்பி, மக்னீசியமுங்க. புளி, எலுமிச்சை, ஆசிடு எதுவும் கிட்ட அண்டாம பாத்துக்கோணும்," என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தைச் சோடா உப்பு கரைத்த தண்ணீரால் துடைத்துக் காற்றடித்து உலர்த்தினார். கூடு எந்த உலோகம் என்பதை நான் புத்தகத்தில் படித்து முன்பே அறிந்திருந்தேன். ஆனால் அதைச் சொல்லாமல் அவர் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற சிறுபிள்ளைத்தனம் எனக்கு இருந்தது.

அந்தக் கூடு 1973-ஆம் ஆண்டின் போர்ஷே 911 டி காரினுடையது. என் கல்லூரி நண்பரின் பெரியப்பா வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு திரும்பியபோது கூடவே கொண்டுவந்த வண்டி அது. அவர் காலத்துக்குப் பிறகு ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பில், தகரக் கொட்டகைக்குள், தேங்காய் நார்த்தூளும் எலிக்கூடும் சேர்ந்து மூடக் கிடந்தது. பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக் கிடக்கும் ஆறு சிலிண்டர்கள், காற்றால் குளிரும் அமைப்பு, 2341 சி.சி. கொள்ளளவு என்று சொன்னால் வண்டி ஆர்வலர்களுக்கு மற்றவை விளங்கிவிடும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலையை நண்பர் என்னிடம் ஒப்படைத்தார். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக மோட்டார் பம்ப் செய்கிறோம் என்பதைத் தவிர, இந்த வண்டியைத் தொடுவதற்கு எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இந்தக் காரின் தொடக்க கால எஞ்சின்களுக்கு அலுமினியக் கூடுதான் இருந்தது. 1968 முதல் மக்னீசிய வார்ப்புக்கு மாறினார்கள். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்துக்கு 1.74 கிராம். இந்த மாற்றத்தால் கூட்டில் ஏறத்தாழ 10 கிலோ குறைந்தது. எஞ்சின் முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் ஒரு வண்டியில் அந்தப் பத்துக் கிலோ வளைவுகளில் எவ்வளவு பேசும் என்பது, செட்டிபாளையத்தில் காரி ஸ்பீட்வேயின் 2.1 கிலோமீட்டர் கார் பந்தய ஓடுதளத்தைச் சுற்றிவந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு ஈடாகச் சில தொல்லைகளும் வந்தன. மக்னீசியம் மென்மையானது, சூட்டில் எஃகைவிட இருமடங்குக்கு மேல் விரிவது, ஈரத்தில் வெள்ளைப் பொடியாகப் பூப்பது. சிலிண்டர் தலையைப் பிடித்திருக்கும் எஃகு ஸ்டட்டுகள், அதாவது மரையிட்ட தண்டுகள், சூட்டில் விரியும் கூட்டோடு ஈடுகொடுத்து நீளாததால் மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும் நோய், பின்னால் வந்த 2.7 லிட்டர் எஞ்சின்களில் பெயர் பெற்றது. கடைசியில் நிறுவனமே மீண்டும் அலுமினியத்துக்குத் திரும்பியது. எங்களுடையது 2.4 என்ற பெயரில் வந்த 2341 சி.சி. வகை என்பதால் மரைகள் நன்றாகவே இருந்தன. ஆகவே இந்தக் கட்டுரையில் மரையைப் பற்றிப் பேசப்போவதில்லை. கூட்டின் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று சேரும் அந்த ஓரத்தை, பட்டறையில் 'ஃபேஸ்' என்று சொல்லும் அந்த முகத்தை, எப்படிச் சுத்தம் செய்தோம் என்பதை மட்டுமே எழுதுகிறேன். ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்த ஓரத்துக்காக நாங்கள் செலவிட்டது பத்தொன்பது மாலைகள்.

இவ்வளவு நேரம் ஏன் என்று கேட்பவர்கள், அந்த முகத்தில் கேஸ்கட், அதாவது இடுக்கை அடைக்கும் தாள், கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கூடு செங்குத்தாக, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் அச்சின் மையக்கோட்டிலேயே இரண்டாகப் பிளக்கிறது. கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் அமரும் 62 மி.மீ. துளைகள், இரண்டு பாதிகளையும் இறுக்கிப் பூட்டிய பிறகு ஒரே நேர்கோட்டில் குடையப்பட்டவை. அதாவது ஒவ்வொரு பாதியிலும் இருப்பது அரை வட்டம், இரண்டும் சேர்ந்தால்தான் வட்டம். ஒரு தேங்காயை உடைத்து, இரண்டு மூடிகளின் விளிம்பையும் கல்லில் கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். காய் உருண்டையாக இருக்காது, பொருந்தும் திசையில் குறுகியிருக்கும். அதேபோல இரு முகங்களிலும் பத்துப் பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேய்த்துவிட்டால், துளை ஒரு திசையில் இருபது மைக்ரான் சுருங்கி முட்டை வடிவம் கொள்ளும். மாறாக, பழைய பசையின் ஒரு துணுக்கு நடுவில் கிடந்தால் பாதிகள் முழுதாகச் சேராது. பேரிங்கின் பிடி தளரும், எண்ணெய் அழுத்தம் இடுக்கு வழியாக வீணாகும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் எண்ணெய்க்காக விடப்படும் இடைவெளியே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். ஆகையால் இந்த முகத்தை வெறும் பரப்பாக நினைக்கக் கூடாது, அது ஒரு அளவு. இதை எனக்கு நானே நாள்தோறும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் எங்கள் ஊர்க் கைகளுக்கு உலோகத்தைக் கண்டால் தேய்த்து மினுக்கத்தான் வரும். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து மில்களுக்கு உதிரிபாகம் செய்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மோட்டாரும் பம்புமாகப் பெருகிய பட்டறைகளின் ஊர் இது. முடிந்த வேலை மினுங்காவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பழகியவர்கள் நாங்கள்.

வெளிப்புறத்தைக் கழுவுவது முரட்டு வேலை, அதை விரைவாகச் சொல்லிவிடலாம். பிரிப்பதற்கு முன்பே, எல்லாத் துளைகளையும் ரப்பர் அடைப்பானால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயில் தூரிகை தொட்டு, எண்ணெயும் செம்மண்ணும் நார்த்தூளும் கெட்டிப்பட்டிருந்த அடையைக் கரைத்தோம். அடியில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு மங்கிய நிறம் தெரிந்ததும் பட்டறைப் பையன் அதையும் கறை என்று நினைத்துக் கம்பித் தூரிகையை எடுத்தான். நல்லவேளையாகப் பார்த்துவிட்டேன். அந்த நிறம் மக்னீசியத்தை அரிப்பிலிருந்து காக்க ஆலையில் ஏற்றிய குரோமேட் படலம். அதை எடுத்துவிட்டால் கூடு வெள்ளி போல மினுங்கும், அடுத்த மழைக்காலத்தில் சுண்ணாம்பு போலப் பூக்கும்.

காஸ்டிக் தொட்டியைப் பற்றி இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புல்லட்டின் அலுமினிய எஞ்சின் கூட்டை, எஞ்சின் ரீகண்டிஷன் செய்யும் ஒரு பட்டறையில் வேறு வார்ப்பிரும்புச் சாமான்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எது என்ன உலோகம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கொதிக்கும் காஸ்டிக் சோடாவில் இறக்கிவிட்டார்கள். வார்ப்பிரும்புக்கு அதைப்போலச் சிறந்த குளியல் வேறில்லை. பிளாக்குகள் புதிதுபோல வந்தன. அலுமினியக் கூடோ கரி பூசியதுபோலக் கறுத்து, அம்மைத் தழும்பு விழுந்த முகத்தோடு வந்தது. காரம் அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனைக் கிளப்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், கடுங்காரத்தில் மக்னீசியம் அவ்வளவாகக் கரையாது, அமிலத்தில்தான் கரையும். அலுமினியம் காரத்துக்கு அஞ்ச வேண்டும், மக்னீசியம் புளிக்கு அஞ்ச வேண்டும். அப்படியானால் இந்தக் கூட்டைத் தொட்டியில் இறக்கலாமே என்று நான் கேட்டபோது மேஸ்திரி, "கூடு தாங்குமுங்க. அதுக்குள்ள அடைச்சிருக்கற அலுமினிய மூடி தாங்குமுங்களா?" என்று திருப்பிக் கேட்டார். எண்ணெய் வழிகளை அடைத்திருந்த அந்தச் சிறு மூடிகளை நான் மறந்தே போயிருந்தேன்.

பிரித்த பிறகு முகத்தில் ஒட்டியிருந்தது பழைய பசை. சில இடங்களில் கருப்பட்டிப் பாகு உறைந்ததுபோலப் பழுப்பாகவும், சில இடங்களில் ரப்பர் போலவும் இருந்தது. பசை கரைக்கும் திரவத்தைத் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டால் அது தோல் உரிந்ததுபோலக் கிளம்பும். அந்தத் திரவத்தின் ஆவி தலையைச் சுற்றவைக்கும் என்பதால் வாசலில் வைத்துத்தான் செய்தோம். கிளம்பியதைச் சுரண்ட இரும்புத் தகடோ பிளேடோ வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். மேஸ்திரி ஒரு மூங்கில் தப்பையை உளிபோலச் சீவிக் கொடுத்தார். முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம், எவ்வளவு அழுத்தினாலும் உலோகத்தில் கோடு விழாது. நான் இணையத்தில் தேடி வாங்கிய பிளாஸ்டிக் சுரண்டி அந்தத் திரவம் பட்டதும் இளகிக் கொழகொழத்துப் போனது. மூங்கில் கடைசி நாள்வரை உழைத்தது.

நான்காவது மாலையில், விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து வைத்துப் பார்த்தபோது, மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே முகத்தின் ஓரத்தில் ஒரு நகக்கீறல் அளவுக் காயம் தெரிந்தது. எப்போதோ யாரோ, பாதிகள் பிரிய மறுத்தபோது, இடுக்கில் திருப்புளியை நுழைத்து நெம்பியிருக்கிறார். குழியைப் பார்த்துத்தான் நான் கவலைப்பட்டேன். மேஸ்திரி குழியைக் கண்டுகொள்ளவேயில்லை. விரல் நுனியைக் காயத்தின் குறுக்கே மிக மெதுவாக இழுத்து, "பள்ளத்தப் பசை அடைச்சுக்கும் கண்ணு. மேட்ட யாரு அடைக்கறது?" என்றார். உண்மைதான். திருப்புளி ஒரு பக்கம் உலோகத்தை அமுக்கியபோது மறுபக்கம் வரப்புபோல ஒரு விளிம்பு எழும்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. இரண்டு பாதிகளையும் தள்ளி நிறுத்துவது அந்த விளிம்புதான்.

அதை எப்படி எடுப்பது என்பதில்தான் அன்று மாலை முழுவதும் போனது. அரத்தைத் தொடவே கூடாது. உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால், கட்டை மேட்டை மட்டும் தேய்க்காமல் அக்கம்பக்கத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மேஸ்திரி, தட்டையாகத் தீட்டிவைத்திருந்த தம் ஆயில் ஸ்டோனை எடுத்து, எண்ணெய் விட்டு, எந்த அழுத்தமும் கொடுக்காமல், கல்லின் சொந்த எடையிலேயே முகத்தின்மீது சறுக்கவிட்டார். மேடு இருந்த இடத்தில் மட்டும் கடுகளவு ஒரு புள்ளி மினுங்கியது. சுற்றியிருந்த பரப்பு பழைய மங்கலோடு அப்படியே இருந்தது. பத்துப் பன்னிரண்டு முறை சறுக்கியதும் கல் ஒரே சத்தத்தோடு வழுக்கிச் செல்லத் தொடங்கியது. அதற்கு முன் மேட்டைத் தொடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த 'கிர்' என்ற சிறு ஒலி நின்றுபோனதை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டு உறுதி செய்துகொண்டு, கல்லை எடுத்துவிட்டார். பிறகு நேர்விளிம்புப் பட்டையில், மேடான இடத்தில் மட்டும் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும் மார்க்கிங் புளூ என்ற நீல மையை மெல்லப் பூசி முகத்தின்மீது வைத்தெடுத்தோம். காயத்தைச் சுற்றி எங்கும் நீலம் தனியாகத் திட்டாக ஒட்டவில்லை.

பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பட்டையை ஏன் பயன்படுத்தவில்லை என்று நண்பர் கேட்டார். கேட்கத் தகுந்த கேள்விதான், ஏனென்றால் அதைக் காற்று கிரைண்டரில் மாட்டிச் சுழற்றினால் அரை மணி நேரத்தில் முகம் முழுவதும் கண்ணாடிபோல ஆகிவிடும், பல பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தப் பட்டையின் நாரில் ஒட்டவைத்திருப்பது அலுமினியம் ஆக்சைடு என்ற, எஃகைவிடக் கடினமான துகள். சுழலும்போது உதிரும் துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் வழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சின் ஓடும்போது எண்ணெயோடு கிளம்பிப் பேரிங்கின் மென்மையான மேல்தோலில் புதைந்து, அங்கிருந்து கிராங்கை அரத்தைப்போல அறுக்கும். முகத்திலும் அலைஅலையாகப் பள்ளம் விழும். கண்ணாடி மணிகளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதிலும் இதே அபாயம் உண்டு. வெளிப்புறத்துக்கு மட்டும், எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, காங்கயத்திலிருந்து வாங்கிய கொட்டாங்குச்சிப் பொடியை மிதமான காற்றழுத்தத்தில் பீய்ச்சலாமா என்று ஒரு நாள் யோசித்தோம். அது மெல்லிய பொருள், உலோகத்தைத் தின்னாது. ஆனாலும் குரோமேட் படலத்தை நினைத்து அதையும் விட்டுவிட்டேன்.

இப்போது திருப்பூருக்கு வருகிறேன். கொங்குநாட்டில் பனியன் வேஸ்ட் இல்லாத பட்டறை உண்டா? பனியன் கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கிய துணியை மூட்டை மூட்டையாக வாங்கி, கை துடைப்பது முதல் கிரீஸ் வழிப்பது வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் கையில் எடுக்கிறோம். நானும் முதல் பத்து நாள் அதைக் கொண்டுதான் துடைத்தேன். பிறகு எண்ணெய் வழிகளைத் திறக்கும் வேலை வந்தது. அலுமினிய மூடிகளை நடுவில் துளையிட்டு இழுத்தெடுத்து, திருகி மூடும் புதிய அடைப்பான்களுக்காக மரை போட வேண்டும். அப்போதுதான் உள்ளே நீளத் தூரிகையைச் செலுத்த முடியும். முக்கிய எண்ணெய் வழியின் கடைக்கோடியில், மூடிக்குப் பின்னால், கறுத்த சேற்றோடு உலோகப் பொடியும், அதில் பின்னிக்கொண்டு ஒரு பருத்தி நூல் முடிச்சும் வந்தன. முன்பு கைவைத்த யாரோ விட்டுச்சென்றதா, பத்து நாளில் என் கையாலேயே போனதா என்பதைச் சொல்ல முடியவில்லை. பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்ச இந்த எஞ்சினில் சிறு சிறு குழல்கள் இருக்கின்றன. அவற்றின் துளை ஊசிக்காதுக்கு இணையானது. அந்த முடிச்சு அங்கே போய் நின்றிருந்தால் ஒரு பிஸ்டன் தாகத்தில் தவித்திருக்கும்.

அன்று இரவே பனியன் வேஸ்ட் மூட்டையை வாசலுக்கு அனுப்பினேன். ஒரு பருத்தி இழையின் தடிமனே பதினைந்து இருபது மைக்ரான் இருக்கும். நாம் எந்த அளவுக்காக ஆயில் ஸ்டோனைச் சறுக்கவிட்டோமோ அதே அளவு. பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் நூல் உதிராத துடைப்புத் துணி வாங்கி வந்தேன். விலையைக் கேட்டு மேஸ்திரி, "இந்தக் காசுக்கு ஒரு வேட்டியே எடுத்திரலாமுங்களே," என்றார். ஆனால் முகத்தின்மீது இரண்டு துணியையும் அடுத்தடுத்து இழுத்து, விளக்கைச் சாய்த்துக் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை.

தீயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூடிகளைத் துளையிடும்போது மக்னீசியச் சீவலும் கொஞ்சம் சேரும். இந்த ஊரில் எஸ்.ஜி. என்ற உறுதியான வகை இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளில், உருகிய இரும்பில் மக்னீசியக் கலவை சேர்க்கும் கணத்தில் கிளம்பும் வெள்ளை ஒளியை நேரில் பார்த்தவர்கள், அந்த உலோகம் எரிவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எரியும் மக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நெருப்பு பெருகும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் உதவாது. காய்ந்த மணலோ, காய்ந்த வார்ப்பிரும்புத் துருவலோ போட்டு மூட வேண்டும். லேத் பட்டறையில் துருவலுக்குப் பஞ்சமா? ஒரு வாளி நிறைய அருகிலேயே வைத்துக்கொண்டோம். கடைசிவரை அதற்கு வேலை வரவில்லை.

அழுக்கு மண்ணெண்ணெயையும் பசை கரைத்த திரவத்தையும் சாக்கடையில் ஊற்றவில்லை. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடும், 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும் மண் இது. கேன்களில் அடைத்து, கழிவெண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்தேன்.

பேரிங்குகள் இல்லாமல் வெறும் கூட்டைப் பூட்டி இறுக்கி, துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் டயலை ஒவ்வொரு துளையிலும் மூன்று திசைகளில் திருப்பி அளந்தபோது, எல்லாமே 62-க்கும் 62.02-க்கும் நடுவில் வட்டமாக நின்றன. நாங்கள் எதையும் தின்றுவிடவில்லை என்பதற்கு அந்த எண்களைத் தவிர வேறு சான்று எங்களிடம் இல்லை. மறுபடி பிரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கடைசி முறையாகத் துடைத்தோம். துணியில் சாம்பல் நிறம் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருந்தது. அது உலோகத்தின் இயல்பு. வெள்ளையாக வரும்வரை தேய்க்கிறேன் என்று கிளம்பியிருந்தால் இன்னும் தேய்த்துக்கொண்டிருப்பேன். கையை வைத்தால் வியர்வை படும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, காற்றுப்படாத இடத்தில் மட்டும் இறுகும் ஆரஞ்சு நிறப் பசையான லாக்டைட் 574-ஐச் சிறு உருளையால் பனிபடிந்ததுபோல உருட்டி, எண்ணெய்த் துளைகளின் ஓரத்தை மட்டும் தவிர்த்து, இரண்டு பாதிகளையும் சேர்த்தோம். காற்றிருக்கும்வரை அந்தப் பசை இறுகாது என்பதால் நிதானமாக வேலை செய்ய முடிந்தது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு நட்டாக இறுக்கிய பிறகு, மேஸ்திரி கிராங்கின் நுனியை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினார். அது விட்ட இடத்திலெல்லாம் நின்றது, சுற்றிய பக்கமெல்லாம் தடையின்றிச் சுற்றியது.

வண்டி ஓடத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒவ்வொரு இரவும் எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவைக்கிறோம். சென்ற வாரம் முதல்முறையாக அதில் கால் ரூபாய் அளவுக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு விழுந்திருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தாற்போல இருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தால், கூட்டின் முகம் முழுவதும் காய்ந்துதான் கிடந்தது. எண்ணெய் வந்தது இடப்பக்கத்து வால்வு மூடியின் ஓரத்திலிருந்து. வால்வு மூடிகளை நான் கடைசி நாளில், நேரமாகிவிட்டது என்று, பத்து நிமிடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டியிருந்தேன். மறுநாள் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆவாரம்பாளையம் போனேன். மேஸ்திரி அதை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்தார். தேய்த்த இடம் நன்றாகவே மினுங்கியது. ஒன்றும் சொல்லாமல் அலமாரியைத் திறந்து, அந்த மூங்கில் தப்பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு லேத்தை ஓட்டப் போனார்.